சிலுவையான திருப்புளி

தமிழ்க் கத்தோலிக்கர்களின் பேச்சில் ஒரு சொற்றொடர் உண்டு: பாடுபட்ட சுரூபம். மரத்தாலான சிலுவை, அதன்மீது பித்தளையிலோ வெள்ளியிலோ வார்த்த இயேசுவின் உடல், தலைக்கு மேலே குற்றப்பலகை, சிலவற்றில் காலடியில் ஒரு மண்டையோடு. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், சாகக் கிடப்பவர் கையில் கொடுப்பார்கள், அடக்கத்தின்போது முன்னால் ஏந்திச் செல்வார்கள். இதையே சிறிதாக்கி ஜெபமாலையின் நுனியில் கோத்தால் கழுத்திலும் தொங்கும். வெறும் குறுக்குக் கட்டை 'குருசு'. போர்ச்சுக்கீசியரின் 'குரூஸ்' தமிழ் நாவில் அப்படி ஆயிற்று. தெருமுனையில் அது நின்றால் குருசடி. நமது அகராதிகள் இச்சொற்களுக்கு இன்னும் போதிய இடம் தரவில்லை என்பது எங்கள் பழைய குறை.

பழைய சிலுவைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நாங்கள் எண்ணியபோது மணப்பாடும் சாந்தோமும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. கடற்கரைக் கிறித்தவத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டது. நாங்கள் சொல்ல விரும்புவது வேலூரின் கதை. அதில் வரும் சிலுவை உண்மையில் சிலுவையே அல்ல. அது ஓர் இரும்புக் கருவி. எவரும் அதற்கு முன் முழந்தாளிடவில்லை, முத்தமிடவில்லை. ஆனாலும் பாடுபட்ட சுரூபங்கள் எதுவும் இம்மண்ணில் செய்யாத ஒன்றை அது செய்தது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் ஓடிய இரத்தத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தக் கருவியை ஆங்கிலேயர் 'டர்ன்ஸ்குரூ' என்றனர். நம் பட்டறைகளில் திருப்புளி என்று சொல்வோமே, அதன் மூதாதை. அக்காலத்துச் சிப்பாயின் துப்பாக்கி சிக்கிமுக்கிக்கல்லால் இயங்குவது. குதிரையின் இரு தாடைகளுக்கு நடுவே கல் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். கல் நழுவாதிருக்க அதைச் சுற்றி ஒரு துண்டுத் தோலோ ஈயத் தகடோ மடித்து வைப்பார்கள். விசையை இழுத்தால் கல் இரும்பில் மோதிப் பொறி பறக்கும், கிண்ணத்திலுள்ள மருந்து பற்றிக்கொள்ளும். பல முறை சுட்டபின் கல் மழுங்கும், அல்லது தளரும். அப்போது தாடைத் திருகைத் தளர்த்திக் கல்லை மாற்றி மீண்டும் இறுக்க வேண்டும். போர்க்களத்தில் இதற்கென்று கொல்லனைத் தேட முடியாதாகையால் ஒவ்வொரு சிப்பாயிடமும் ஒரு திருப்புளி இருக்கும். இரண்டு அல்லது மூன்று கரங்கள் கொண்ட சிறு இரும்பு. ஒரு கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் திருகுவது. துளையைக் குத்தும் கம்பியையும் தூசு தட்டும் சிறு தூரிகையையும் போல இதுவும் உடலில் தொங்கிக்கொண்டிருக்கும் சாமான்களில் ஒன்று.

நேர்க்கோடும் குறுக்குக்கோடும் கொண்ட இரும்பு, மார்பின்மீது. கிறித்தவர்களைத் தொலைவிலிருந்து மட்டுமே அறிந்த ஒரு மனிதனின் கண்ணில் அது என்னவாகப் படும்?

அக்கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் அந்த ஆண்டின் உடைச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. படையின் விதிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, அவற்றை ஒரே தொகுப்பாக்க வேண்டும் என்பது கிரடாக்கின் விருப்பம். ஒழுங்கை விரும்பும் எந்த அதிகாரிக்கும் தோன்றக்கூடிய, பார்வைக்குத் தீங்கற்ற விருப்பம்தான். அத்தொகுப்பில் பதினோராம் பிரிவின் பத்தாம் பத்தியாக ஒரு புதிய விதி நுழைந்தது. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதியைக் காட்டும் குறி இடக்கூடாது. காதில் கடுக்கன் அணியக்கூடாது. அணிவகுப்புக்கு வரும்போது மோவாய் மழிக்கப்பட்டிருக்க வேண்டும். மீசையும் கூடியவரை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதற்குச் சற்று முன்னதாக, 1805 நவம்பரில், புதிய வகைத் தலைப்பாகைக்கும் ஆணை பிறந்திருந்தது. அது தலைப்பாகை என்ற பெயரில் வந்த தொப்பி. அதன் முகப்பில் தோலால் ஆன ஒரு சின்னம், மேலே ஒரு குஞ்சம்.

தோலைப் பற்றி நம் பாடநூல்கள் சொல்கின்றன. பசுத்தோலோ என்று இந்துச் சிப்பாய் அஞ்சினான், பன்றித்தோலோ என்று முஸ்லிம் சிப்பாய் அஞ்சினான் என்பது மனப்பாடமான வரி. பொய்யல்ல, ஆனால் போதாது. அதே சிப்பாய்கள் மார்பின் குறுக்கே தோல் வார்களை ஏற்கெனவே அணிந்திருந்தார்கள். தோட்டாப் பெட்டியும் தோல்தான். தோல் மட்டுமே சிக்கலென்றால் கலகம் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தோல் தலைக்கு ஏறியது என்பது ஒரு வேறுபாடு. அதைவிடப் பெரிய வேறுபாடு அந்தத் தலைப்பாகையின் வடிவம். தொப்பி அணிபவன் யார் என்பதில் தமிழ்நாட்டு வழக்கில் அன்று ஐயமே இல்லை. தொப்பிக்காரன் என்றால் ஐரோப்பியன், அல்லது அவன் வழிவந்த கிறித்தவன். 'தோப்பாசு' என்று அழைக்கப்பட்ட போர்ச்சுக்கீசியக் கலப்பினத்தவரை அக்காலத்தவர் தொப்பியோடு சேர்த்தே எண்ணினார்கள். பட்டாளத்தில் முரசும் குழலும் வாசித்தவர்களில் பெரும்பாலோர் அவ்வகைக் கிறித்தவர்களே. ஆகவே புதிய தலைப்பாகையை அணிந்தால் ஊரார் தம்மை யாராகப் பார்ப்பர் என்பது சிப்பாய்க்குத் தெரியும். பெண் கொடுக்கமாட்டார்கள், உடன் உண்ணமாட்டார்கள் என்ற அச்சம் வெற்றுக் கற்பனையல்ல.

இப்போது எல்லாவற்றையும் ஓர் உடலின்மீது வைத்துப் பார்ப்போம். நெற்றியில் நாமமும் இல்லை, நீறும் இல்லை. காதில் கடுக்கன் இல்லை. தாடி போயிற்று. தலையில் தொப்பி. இத்தனைக்கும் பிறகு மார்பில் ஒரு குறுக்கு இரும்பு. நம் நாட்டில் உடல் என்பது எழுதப்பட்ட ஏடு. எவன் எக்குலம், எச்சமயம், எவ்வூர் என்பதை நெற்றியும் காதும் முடியுமே பேசின. அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு சிலுவையை மாட்டினால் வாசகம் என்ன ஆகும்? சிப்பாய் அந்த வாசகத்தைச் சரியாகவே படித்தான். எழுதியவர்கள்தாம் தாம் என்ன எழுதுகிறோம் என்று அறியாதிருந்தார்கள். சிப்பாய்க் கலக வரலாற்றைப் பின்னாளில் எழுதிய ஜான் வில்லியம் கே, திருப்புளியைச் சிலுவை என்று நம்பிய இச்செய்தியை மற்ற வதந்திகளோடு சேர்த்துப் பதிவுசெய்திருக்கிறார். உப்புக் குவியல்களில் பன்றி இரத்தமும் பசு இரத்தமும் தெளிக்கப்பட்டன என்பது அவற்றில் ஒன்று. ஊர்தோறும் ஒரு மாதாகோயில் கட்ட ஆணை வந்துவிட்டது என்பது மற்றொன்று. கே இவற்றைக் கீழைநாட்டார் எளிதில் நம்பும் இயல்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். நாம் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உப்புக் கதை வேறு, திருப்புளிக் கதை வேறு. முன்னது காற்றில் பிறந்தது. பின்னது சிப்பாயின் நெஞ்சின்மேல் கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்விடத்தில் இருநூறு ஆண்டுகள் பின்னே செல்வது பொருத்தம். சரியாக 1606இல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியத் துறவி மதுரைக்கு வந்து சேர்ந்தார். பரங்கி என்ற சொல்லில் தமிழர்கள் எவ்வளவு அருவருப்பைத் திணித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவர் அவர். காவி உடுத்தினார்; தோல் செருப்பைக் கழற்றி மரப் பாதுகை அணிந்தார்; புலாலை விட்டார். சில காலம் பூணூலும் தரித்தார். அந்தப் பூணூலில் ஒரு சிறு சிலுவை தொங்கிற்று. அதே மார்பு, அதே குறுக்குக் கோடு. ஆனால் அது தொங்கியது தமிழ் உடலின் எழுத்துகளை அழித்துவிட்டல்ல, அவற்றின் நடுவே. தம்மிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் சந்தனமும் குடுமியும் நூலும் விடத் தேவையில்லை, அவை குலவழக்கின் அடையாளங்களே என்று அவர் வாதாடினார். நீண்ட வழக்குக்குப்பின் 1623இல் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். பின்னர் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் பற்றிய பூசலுக்கு எதிர்த்திசையில் முடிவுகட்டினார் என்பது வேறு கதை. நாங்கள் சொல்ல வந்தது இதுதான்: மதம் மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நெற்றிக் குறியைத் தொடத் தயங்கினார், மதம் மாற்றும் எண்ணமே இல்லாத ஒரு வணிகக் கும்பினி அதை ஒரு பத்தியில் தடை செய்தது.

கும்பினிக்கு அந்த எண்ணம் இல்லை என்று நாங்கள் சொல்வதை அதன்மீதுள்ள பரிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வாணிகக் கணக்கு. குடிகளின் சமயத்தில் கைவைத்தால் வருவாய் கெடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மேலும் ஒரு வேடிக்கை உண்டு. 1806இன் ஆங்கிலேயப் படையதிகாரிகளில் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். பாடுபட்ட சுரூபத்தை அவர்கள் உரோமாபுரியின் மூடவழக்கம் என்று இழித்துப் பேசி வளர்ந்தவர்கள். தம் சிப்பாயின் மார்பில் சிலுவையைத் தொங்கவிடுவது கிரடாக்கின் கனவிலும் தோன்றியிருக்க முடியாது. வேலூர்ச் சிப்பாய் அறிந்த கிறித்தவமோ கடற்கரைப் பரதவரும் தோப்பாசுகளும் பழைய சேசு சபைப் பாதிரிகளும் காட்டிய கிறித்தவம். கழுத்தில் ஜெபமாலை அணிந்த கிறித்தவம். ஆள்பவன் ஒரு கிறித்தவத்தைச் சேர்ந்தவன், அஞ்சுபவன் எண்ணியது வேறொரு கிறித்தவத்தை. இந்த இடைவெளியில்தான் ஒரு திருப்புளி சிலுவையாயிற்று.

முதல் மறுப்பு மே மாதத்திலேயே வந்துவிட்டது. வேலூரிலிருந்த நான்காம் பட்டாளத்தின் இரண்டாம் பிரிவினர் புதிய தலைப்பாகையை அணிய முடியாது என்றார்கள். இருபத்தொருவர் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் ஆளுக்குத் தொள்ளாயிரம் சவுக்கடி பெற்றுப் படையிலிருந்து விலக்கப்பட்டனர்; ஏனையோருக்கு ஐந்நூறு அடி விதித்து, மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டார்கள். அந்தப் பிரிவு வேலூரிலிருந்து மாற்றப்பட்டு இருபத்துமூன்றாம் பட்டாளத்தின் ஒரு பிரிவு அங்கே வந்தது. ஜூன் 17ஆம் நாள் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடப்பதாகத் தன் அதிகாரியிடம் சொன்னான். அதை விசாரிக்கும் பொறுப்பு அதே பட்டாளத்தின் இந்திய அதிகாரிகளிடம் போயிற்று. அவர்கள் அவனைப் பித்தன் என்று கூறிச் சிறையில் வைத்தார்கள். (பின்னர் அவனுக்குப் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன.)

ஜூலை 9ஆம் நாள் இரவு, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குடும்பத்தில் திருமணக் கொண்டாட்டம். விடிவதற்கு முன், ஏறக்குறைய இரண்டு மணி அளவில், சிப்பாய்கள் அறுபத்தொன்பதாம் பட்டாளத்து வெள்ளையரின் பாசறைமீது சுடத் தொடங்கினார்கள். கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் தப்பவில்லை; விடுதலைப் போரின் முதல் பக்கம் என்று வேலூரைப் போற்றி எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். வெள்ளையரில் மாண்டவர்கள் நூற்றுக்கு மேல். வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆர்க்காட்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து பதினாறு மைல் குதிரையில் பறந்துவந்தார் ராலோ கில்லெஸ்பி. மதிலின்மேல் எஞ்சியிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கினர். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. அதன் பிறகு நடந்தது பழிவாங்கல். அரண்மனையில் புகுந்திருந்தவர்களை இழுத்துவந்து ஏறக்குறைய நூறுபேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்களின் தொகை முந்நூற்றைம்பது என்பார் உண்டு, எண்ணூறு என்பாரும் உண்டு. கில்லெஸ்பியின் சவாரியைப் பின்னாளில் ஹென்றி நியூபோல்ட் பாட்டாகப் பாடினார். சுவரோரம் நின்றவர்களுக்கு ஆங்கிலத்தில் பாட்டு இல்லை. தமிழில் ந. சஞ்சீவி 'வேலூர்ப் புரட்சி' எழுதினார்; இலக்கிய அன்பர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல்.

கலகம் நடந்த ஒரே வாரத்தில் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. விசாரணைக் குழு உடை மாற்றத்தையும் திப்பு குடும்பத்தார் அங்கே இருந்ததையும் காரணங்களாகக் கூறிற்று. குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனாலும் அச்சம் அடங்கவில்லை. ஐதராபாத்திலும் வாலாஜாபாத்திலும் முணுமுணுப்பு. நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்ஷ் முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்து வெளியேற்றினார். டிசம்பர் 3ஆம் நாள் சென்னை அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது: குடிகளை வன்முறையால் கிறித்தவராக்கும் எண்ணம் அரசுக்கு எக்காலத்தும் இருந்ததில்லை என்பது அதன் சாரம். ஓர் அரசு தன் உள்ளத்தில் இல்லாத ஒன்றை இல்லையென்று ஊரறிய எழுதிக்கொடுக்க நேர்ந்தது. 1807இல் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். பெண்டிங்க் இருபது ஆண்டுகள் கழித்து இந்தியாவின் தலைமை ஆளுநராகவே மீண்டுவந்தார் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

உண்மையான சிலுவையைச் சுமந்தவர்களுக்கும் அடி விழுந்தது. வங்காளத்தில், வேலூரின் செய்தி சேர்ந்த சில வாரங்களில், சீராம்பூர்ப் பாதிரியார் வில்லியம் கேரியிடம் பொதுவெளியில் போதிப்பதை நிறுத்தும்படி சொல்லப்பட்டது. இலண்டனில் பெரும் துண்டறிக்கைப் போர். பாதிரிகளால் இந்தியா பறிபோகும் என்று தாமஸ் ட்வைனிங்கும் ஸ்காட் வேரிங்கும் எழுதினர். ஆண்ட்ரு ஃபுல்லர் மறுத்தார். 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் சிட்னி ஸ்மித் பாதிரிகளைச் செருப்புத் தைப்பவர்கள் என்று கேலி செய்தார். கேரி இளமையில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் என்பது எல்லோரும் அறிந்தது. வேலூரில் தோல் சின்னத்தை இழிவென்று ஒதுக்கிய சிப்பாயும், இலண்டனில் தோல் தொழிலாளியை இழிவென்று நகைத்த பாதிரியாரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஸ்மித்தும் ஆங்கிலத் திருச்சபையின் குருவானவரே! அந்த வாதப்போர் ஏழாண்டு நீடித்து, 1813இன் சாசனச் சட்டத்தில் பாதிரிகளுக்குக் கதவு திறந்தது.

திறந்த கதவின் வழியே இவ்வட்டாரத்துக்கு வந்தவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்கர்கள். 1853இல் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அவ்வழியில் வந்த ஐடா ஸ்கட்டர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. இவர்கள் சீர்திருத்த மரபினர், உருவங்களை ஒப்பாதவர்கள். அவர்கள் கோயில்களில் பாடுபட்ட சுரூபத்தைத் தேடுவது வீண். இன்னும் மேற்கே ஆம்பூருக்குப் போனால் நிலைமை வேறு. 1895இல் கிருஷ்ணகிரியில் காலூன்றிய மிசௌரி லுத்தரன் மிஷன் பின்னர் ஆம்பூரைத் தன் முக்கியமான நடுவமாக்கிக்கொண்டது. லுத்தரின் சீர்திருத்தம் உருவத்தோடு கூடிய சிலுவையை விலக்கவில்லை; பலிபீடத்தின்மேல் அது நிற்கலாம். கத்தோலிக்கருக்கோ வேலூர் 1952இல் தனி மறைமாவட்டமாயிற்று. விண்ணேற்பு அன்னையின் பேராலயம் அதன் தலைமை இடம். ஆக, தோல் ஆலைகளின் வாடை வீசும் இந்த ஐம்பது கிலோமீட்டர்ப் பாதையிலேயே வெற்றுச் சிலுவையும் உடல் தாங்கிய சிலுவையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டவர்களின் காலத்திலிருந்து இப்பகுதியின் தோல் வணிகத்தில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆலைக்குள் தொட்டியில் இறங்கி உழைத்தவர்களில் தலித் மக்களும், அவர்களில் கிறித்தவரானோரும் உண்டு. 1806இன் சிப்பாய் எந்தத் தோலைக் கண்டு ஒதுங்கினானோ அதைக் கையால் தொட்டே வாழ வேண்டியிருந்தவர்கள் இவர்கள். வேலூர்க் கலகத்தைப் பற்றிய நூல்களில் இவர்கள் வருவதில்லை. அந்தத் தொப்பியின் தோலைப் பதனிட்டவன் யார் என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் கேட்டிருக்கலாம்.

2006இல் கலகத்தின் இருநூறாம் ஆண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது. கோட்டைக்குள் இன்று சலகண்டேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் அருகருகே இருப்பதைக் காட்டி வழிகாட்டிகள் மகிழ்வார்கள். அந்த மாதாகோயில், புனித யோவான் ஆலயம், 1846இல் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டது. கலகம் நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின். சிப்பாய்கள் அஞ்சியபடியே கோட்டைக்குள் ஒரு சிலுவை வந்து சேர்ந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கும்பினிப் படையில் சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிகள் போய், செப்புத் தொப்பி வெடிக்கும் துப்பாக்கிகள் வரத் தொடங்கின. கல்லும் இல்லை, கல்லை மடித்துவைக்கும் தோல் துண்டும் இல்லை. அதை இறுக்குவதற்கென்று திருப்புளியை மார்பில் தொங்கவிட வேண்டிய தேவையும் அதோடு போயிற்று.